மரமேறும் முடிச்சு ஏன் நழுவுவதில்லை?

புளியந்தோப்பிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஹெல்மெட் போட்டுக்கொண்டு, கயிற்றில் தொங்கியபடி பொழுதுபோக்காக மரம் ஏறுகிற வீடியோக்கள் பார்த்தேன். நம்ம பக்கம் எந்த மரத்தில் அப்படி ஏறலாம்? அவ்வளவு சின்ன முடிச்சு ஆளை எப்படித் தாங்குகிறது? புளியமரத்துப் பக்கமே போகாதே, பேய் பிடிக்கும் என்கிறார் பாட்டி."

பேயை முதலில் முடித்துவிடுவோம். ஊர்ப் பெயரே புளியந்தோப்பு. அத்தனை மரத்துப் பேய்களும் இருந்திருந்தால் இந்நேரம் அடுக்குமாடி வீட்டுக்கு மனுப் போட்டிருக்கும். எனக்குப் பாட்டி மேல் கோபமில்லை. "பேயெல்லாம் இல்லை, ராத்திரியில் மரம் கரியமில வாயு விடும், அதில் மூச்சு முட்டும்" என்று பேய்க்கு அறிவியல் சட்டை மாட்டிவிடுகிறவர்கள் மேல்தான் கோபம். இரவில் மரம் சுவாசிப்பது உண்மை. ஆனால் திறந்த வெளியில் அந்த வாயு காற்றோடு கலந்து போய்விடும். கதவைச் சாத்திக்கொண்டு நாலு பேர் படுத்திருக்கும் அறையில் சேர்வது அதைவிடப் பல மடங்கு.

சரி, மரம். ஏறுவதற்குப் புளி நல்ல மரம். கசாப்புக் கடையில் கறி வெட்டும் கட்டை பெரும்பாலும் புளியங்கட்டைதான். அதன் விளாறு எப்படி வளையும் என்பதை அந்தக் காலத்து மாணவர்களைக் கேளுங்கள். முருங்கை இதற்கு நேர் எதிர். பருத்தால் தூணாகுமா என்று பழமொழியே கேட்கிறது. வேம்பு பரவாயில்லை. மே மாதத்தில் சிவப்பாகப் பூத்து மயக்கும் குல்மொகர் வேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்துபோன மறுநாள் தெருவை அடைத்துக் கிடந்த மரங்களில் அதுவும் ஏராளம்.

இனத்தைவிட அந்தக் குறிப்பிட்ட மரம்தான் முக்கியம். அடியில் காளான் முளைத்திருந்தால், வடிகாலுக்குத் தோண்டும்போது வேரை வெட்டியிருந்தால், தண்டை ஒட்டி சிமென்ட் பூசியிருந்தால் விட்டுவிடுங்கள். கிளை பிரியும் கவையைப் பாருங்கள். குறுகலாகப் பிரிந்து நடுவில் பட்டை உள்ளே மடிந்து சிக்கியிருந்தால், வெளியே ஒட்டியிருப்பதுபோலத் தெரியும், உள்ளே மரம் மரத்தோடு சேர்ந்திருக்காது. கயிறு போடும் கிளை உயிருள்ளதாக, குறைந்தது ஆறு அங்குலக் குறுக்களவு உள்ளதாக இருக்க வேண்டும். பக்கத்தில் மின்கம்பி போகிற மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது மரமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருமரம், பூங்கா மரம் என்றால் அனுமதி வேண்டும். தெரிந்தவர் வீட்டுத் தோட்டம் உத்தமம்.

இப்போது முடிச்சு. இதற்குக் காசிமேடு போக வேண்டும்.

விடியற்காலையில் விசைப்படகு கரைக்கு வரும்போது கவனியுங்கள். ஒருவர் கயிற்றை வீசுவார். கரையில் நிற்பவர் அதைக் கம்பத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்றி, நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையில் டீ குடிப்பார். அந்தப் பக்கம் டன் கணக்கில் படகு இழுக்கிறது, இந்தப் பக்கம் ஒரு கை. டீ சிந்துவதில்லை.

நடப்பது வட்டிக்கு வட்டிக் கணக்கு. கம்பத்தைத் தொடும் ஒவ்வொரு துண்டுக் கயிறும், தனக்கு வந்த இழுவிசையில் ஒரு சிறு பங்கை உராய்வாகத் தின்றுவிட்டு மிச்சத்தை அடுத்த துண்டுக்கு அனுப்புகிறது. அது அந்த மிச்சத்தில் அதே பங்கைத் தின்கிறது. ஆகவே சுற்றுகள் கூட்டிக்கொண்டு போவதில்லை, பெருக்கிக்கொண்டு போகின்றன. உராய்வுக் கெழு (சொரசொரப்பைச் சொல்லும் எண்) 0.3 என்றால், ஒரு சுற்றுக்குக் கையின் பிடியைப்போலச் சுமார் 6.6 மடங்கு இழுப்பைத் தாங்கலாம். இரண்டு சுற்றுக்கு 43, மூன்றுக்கு 286, நான்குக்கு 1,880! பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார். அவருடைய சூத்திரத்தில் கம்பத்தின் பருமனுக்கு இடமே இல்லை. எத்தனை சுற்று, எவ்வளவு சொரசொரப்பு, அவ்வளவுதான்.

நம்பாவிட்டால் செய்து பாருங்கள். நான் ஒட்டடைக் கம்பை இரண்டு நாற்காலிகள் மேல் கிடத்தி, பருத்தி நூலை இரண்டரைச் சுற்று சுற்றினேன். ஒரு முனையில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம், மறுமுனையில் ஒற்றை பீரோ சாவி. சாவி ஜெயித்தது. பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கும் பணத்தில் ஒரு துளியை நூலுக்கும் ஸ்பிரிங் தராசுக்கும் ஒதுக்கலாம் என்று எனக்கு வெகுநாள் ஆதங்கம்.

மரமேறும் முடிச்சில் கம்பத்துக்குப் பதில் இன்னொரு கயிறு. தொங்கும் கயிற்றின் மேல் அதைவிட மெல்லிய கயிற்றை இரு பக்கமும் மும்மூன்று சுற்றாகச் சுற்றினால் புரூசிக் முடிச்சு. ஏறுகிறவரின் இடுப்புப் பட்டை (ஹார்னஸ்) இந்த முடிச்சோடு இணைந்திருக்கும். ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931இல் எழுதி அறிமுகப்படுத்தியது. அட்லாண்டாவில் 1983இல் பீட்டர் ஜென்கின்ஸ் தொடங்கிய பொழுதுபோக்கு மரமேற்றமும் இந்தக் குடும்பத்து முடிச்சுகளை நம்பித்தான் நடக்கிறது.

இதில் நான் சொக்கிப்போகும் இடம் ஒன்று உண்டு. காலை ஊன்றி எழும்போது முடிச்சின் மேல் எடை இல்லை. பூஜ்யத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் பூஜ்யம்தான். அதனால் சுற்றுகள் தளர்ந்து, இரண்டு விரலால் தள்ளினாலே முடிச்சு மேலே போகிறது. உட்கார்ந்ததும் எடை வருகிறது. சுற்றுகள் இறுகி, உள்ளிருக்கும் கயிற்றை நெரிக்கின்றன. எடை கூடக் கூடப் பிடியும் கூடும். அதனால்தான் குண்டானவர் உட்கார்ந்தாலும் அதே முடிச்சு பிடிக்கிறது. ஸ்பிரிங் இல்லை, பூட்டு இல்லை, பேட்டரி இல்லை. தவிர, கயிறு கிளையின் மேல் போய்த் திரும்பி வருவதால் இரண்டு பக்கமும் எடையைப் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. 60 கிலோ ஆளுக்கு முடிச்சு தாங்குவது ஏறக்குறைய 30 கிலோதான்.

அப்புறம் எதற்குப் பயிற்சி? முடிச்சுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. மேலிருந்து அழுத்தினால் சுற்றுகள் இறுக முடியாது. நழுவுகிறோம் என்று பயந்தவுடன் கை தானாகப் போய்ப் பற்றுவது அந்த முடிச்சைத்தான்! பற்றப் பற்ற அது வழுக்கும். வேகமாக வழுக்கினால் உராய்வின் சூட்டில் நைலான் உருகவும் கூடும். ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுக் கொடிக்கயிற்றோடு கிளம்பாதீர்கள். ஹார்னஸ், ஹெல்மெட், மரமேற்றத்துக்கென்றே செய்த கயிறு, தெரிந்த ஆசிரியர், நாலும் வேண்டும். கிளையை நம்புவதற்கு முன் தரையில் நின்றபடியே இரண்டு பேர் சேர்ந்து கயிற்றில் தொங்கிப் பார்ப்பார்கள். முடிச்சுக்குக் கீழே இன்னொரு தடுப்பு முடிச்சும் போடுவார்கள்.

மாதவரத்தில் நண்பர் வீட்டுப் புளியமரத்தில் நான் கற்ற முதல் பாடம் ஏறுவது அல்ல. இடுப்பளவு உயரத்தில் தொங்கிக்கொண்டு இரண்டு கையையும் விடுவது. முதல் தடவை முடிச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் வந்து உட்கார்ந்தேன். இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவைதான் கை சொன்னபேச்சைக் கேட்டது.