டைரக்டிவிட்டி: திசைத்திறனா, திசைச்சார்பா?

கோயில் திருவிழாவில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு நேரே நின்றால் காது கிழியும். அதன் முதுகுப் பக்கம் போய் நின்று பாருங்கள்: பாட்டு கேட்கும், வரி புரியாது. கூரிய ஓசைகள் முன்னால் பாய்ந்துவிடுகின்றன. தடித்த ஓசைகளே பின்னால் சுற்றி வருகின்றன. எந்தத் திசைக்கு எவ்வளவு ஒலி என்கிற இந்த ஏற்றத்தாழ்வுதான் டைரக்டிவிட்டி.

மூலம் லத்தீன் 'டிரிகெரே': நேராக்கு, வழிநடத்து. சினிமா டைரக்டரும் அதே வேரில் வந்தவர்தான்.

தமிழில் 'திசைத்திறன்' என்று சட்டென நாவில் வரும். ஆனால் நம் பாடநூல்களில் திறன் என்றால் பவர், வாட் கணக்கு. ஸ்பீக்கர் விஷயத்தில் இந்தக் குழப்பம் ஆகாது. 'திசைச்சார்பு' என்பதே என் தேர்வு. கணக்கில் ஒன்றைப் பொறுத்து இன்னொன்று மாறுவதைச் சார்பு என்கிறோம். இங்கே திசையைப் பொறுத்து ஒலி மாறுகிறது.

தடித்த ஓசையான 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.4 மீட்டர், கூரிய ஓசையான 10,000 ஹெர்ட்ஸில் வெறும் 3.4 சென்டிமீட்டர். ஸ்பீக்கர் கூம்பைவிட அலை நெடிதானால் எல்லாப் பக்கமும் பரவும், குட்டையானால் முன்னே குவியும்.

சின்ன அறையில் இதன் விளைவைப் பக்கச்சுவர் காட்டிக்கொடுக்கும். 3 மீட்டர் அகல அறை, சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி ஸ்பீக்கர், 2.5 மீட்டர் எதிரே, அறை நடுவில் நாற்காலி. பக்கத்துச் சுவரில் பட்டு வரும் ஒலி சுமார் 1 மீட்டர் கூடுதலாகப் பயணித்து, 3 மில்லிசெகண்ட் பிந்தி வரும். இதை எதிரொலி என்பது தவறு. எதிரொலி தனியாகக் கேட்க 0.1 விநாடி இடைவெளி வேண்டும் என்று பள்ளியிலேயே படித்தோம். இதுவோ நேரொலியோடு கலந்து குரலின் நிறத்தை மாற்றும், இசை வரும் மேடை அகலமானதுபோல் தோன்றச் செய்யும். ரிஃப்ளெக்ஷனுக்கு இலங்கைப் பாடநூல்கள் சொல்லும் 'தெறிப்பு' இதற்குக் கச்சிதம்.

பக்கவாட்டில் போகும் ஒலி மங்கலானால் சுவரும் மங்கலைத்தான் திருப்பித் தரும். பக்க ஒலியும் நேரொலியை ஒத்திருக்கும் ஸ்பீக்கர்களையே கேட்பவர்கள் விரும்பினார்கள் என்று கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தில் ஒலியியலாளர் ஃபிளாய்ட் டூல் நடத்திய கேட்புச் சோதனைகள் காட்டின. தெறிப்பை அடக்க மெல்லிய ஸ்பாஞ்சைச் சுவரில் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உச்ச ஓசையை மட்டும் தின்றுவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடும்.

தெறிக்கும் இடம் தெரிய வேண்டுமா? நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள். வீட்டில் ஒருவரைச் சுவரோடு ஒரு முகக்கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் எங்கே கண்ணாடியில் தெரிகிறதோ அதுதான் இடம். ஒளிக்கும் ஒலிக்கும் தெறிப்பு விதி ஒன்றுதானே.