திறப்பு விழாவுக்கு மறுநாள்

என் மேசை இழுப்பறையில் ஓர் இரும்புக் கொக்கி கிடக்கிறது. ஊஞ்சல் சங்கிலியை மேலே உள்ள குழாயோடு இணைக்கும் கொக்கி அது. சுண்டுவிரல் பருமன் இருந்த இரும்பு, சங்கிலி உரசிய இடத்தில் மட்டும் தேய்ந்து தேய்ந்து தீக்குச்சி அளவுக்கு வந்துவிட்டது. கீழே நின்று பார்த்தவர் யாருக்கும் அது தெரிந்திருக்காது. அந்த ஊஞ்சலுக்கு அப்போதுதான் புது வண்ணம் வேறு பூசியிருந்தார்கள். ஏணி போட்டு ஏறிப் பார்த்த பராமரிப்பு ஊழியர் அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "பெயின்ட் அடிக்கப் பணம் இருக்கிறது ஐயா, கொக்கி வாங்கத்தான் இல்லை" என்றார்.

அவர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. வண்ணம் 'அழகுபடுத்தும் திட்டம்' என்ற தலைப்பில் வந்தது. கொக்கி பராமரிப்புத் தலைப்பில் வரவேண்டும். அந்தத் தலைப்பில் ஆண்டின் பாதியிலேயே பணம் தீர்ந்துவிட்டது. ஒரு நகரத்தின் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் நீச்சல் குளங்களையும் அவற்றின் பட்ஜெட்டையும் பல ஆண்டுகள் கவனித்தவன் நான். மக்கள் கவனத்துக்கு ஒன்றே ஒன்றைக் கொண்டுவரச் சொன்னால், இந்த இரண்டு தலைப்புகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தைத்தான் காட்டுவேன்.

உள்ளாட்சிக் கணக்கில் மூலதனச் செலவு ஒரு பை, நடப்புச் செலவு இன்னொரு பை. புதுப் பூங்கா முதல் பையிலிருந்து வரும். மானியம் கிடைக்கும், கடன் கிடைக்கும், நன்கொடையாளர் கிடைப்பார், கல்வெட்டு வைக்கலாம், படம் எடுக்கலாம். அதே பூங்காவுக்குத் தண்ணீர் விடுவதும், விளக்கு மாற்றுவதும், கழிப்பறை கழுவுவதும், கொக்கி வாங்குவதும் இரண்டாவது பையிலிருந்து. அதற்குக் கல்வெட்டு கிடையாது. வருவாய் குறைந்த ஆண்டில் முதல் வெட்டு விழுவதும் அங்கேதான். காரணம் எளிது: சம்பளத்தை நிறுத்தினால் அன்றைக்கே சத்தம் வரும், மின்கட்டணம் கட்டாவிட்டால் மறுமாதம் இருட்டாகும், உதிரிபாகம் வாங்காமல் விட்டால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு எதுவும் நடக்காது. அந்த மௌனத்தைச் சேமிப்பு என்று நிதிக்குழு எழுதிக்கொள்ளும். விளைவு, ஆள் இருப்பார், அவர் கையில் ஸ்பானர் இருக்காது.

இது சிறு நகரங்களின் நோய் என்று நினைக்கவேண்டாம். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க், 1858இல் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட்டும் கால்வர்ட் வாக்ஸும் வடிவமைப்புப் போட்டியில் வென்று உருவாக்கிய 341 ஹெக்டேர் பூங்கா, 1970களின் நிதி நெருக்கடியில் புல்வெளி புழுதித் திடலாகிச் சீரழிந்தது. 1980இல் அதற்கென்றே ஒரு தனியார் அறக்கட்டளை உருவாகி, தனியாரிடம் பணம் திரட்டி, வட்டாரம் வட்டாரமாக மீட்டது. பாராட்டவேண்டிய வேலைதான். ஆனால் பூங்காவைச் சுற்றிச் செல்வந்தர்கள் குடியிருந்தால்தான் அந்த வழி நடக்கும். குடிசைப் பகுதியின் அரை ஏக்கர் பூங்காவுக்கு எந்த அறக்கட்டளையும் வராது. அதற்கு நகராட்சியின் இரண்டாவது பை ஒன்றுதான் கதி.

அதனால் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். புதிதாக எதையாவது கட்டும் முன்மொழிவு வந்தால், அதோடு அடுத்த பத்து ஆண்டுகளுக்கான பராமரிப்புச் செலவை ஆண்டுவாரியாக ஒரே தாளில் எழுதி இணைப்பேன். எத்தனை ஆள், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம், எந்த ஆண்டில் எந்த பாகம் மாறவேண்டும். கோப்பிலேயே எல்லோரும் வெறுத்த தாள் அதுதான். ஒருமுறை ஒரு நல்ல மனிதர் செயற்கை நீரூற்று ஒன்றை நன்கொடையாகத் தர முன்வந்தார். பம்பு, வடிகட்டி, மின்கட்டணம், பாசி சுரண்டும் ஆள் என்று பட்டியல் போட்டுக் காட்டியதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "யானையைக் கொடுத்துவிட்டுத் தீனியை உங்கள் தலையில் கட்டப் பார்த்தேன்" என்றார். கடைசியில் நிழலுக்கு மரங்களும், முதல் மூன்று ஆண்டுகளுக்கு அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் செலவும் தந்தார். எனக்குத் தெரிந்து அந்த நகரத்தில் பராமரிப்போடு வந்த ஒரே நன்கொடை அது.

விளையாட்டுக் கருவிகளுக்கு வருகிறேன். இங்கேதான் கவனக்குறைவு எலும்பை முறிக்கும். ஐரோப்பியத் தரநிலையான இ.என். 1176 மூன்று வகை ஆய்வுகளைச் சொல்கிறது: அடிக்கடி கண்ணால் பார்ப்பது, ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேய்மானத்தையும் உறுதியையும் சோதிப்பது, ஆண்டுக்கு ஒருமுறை அடித்தளம்வரை முழுமையாகப் பார்ப்பது. அதே தரநிலையின்படி, குழந்தை மேலிருந்து விழக்கூடிய உயரம் 3 மீட்டரைத் தாண்டக்கூடாது. கம்பிகளுக்கு இடையிலான சந்து 89 மில்லிமீட்டருக்கும் 230 மில்லிமீட்டருக்கும் நடுவே இருந்தால் ஆபத்து: உடல் நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். கால் முதலில் நுழைந்து உடல் தொங்கினால் நிலைமை உயிருக்கே ஆபத்தாகும். பற்றவைக்கும் தொழிலாளிக்கு இந்த இரண்டு எண்களும் தெரியாது. அவர் கண்ணுக்கு அழகான இடைவெளியில் கம்பி வைப்பார். நான் இரண்டு மரக்கட்டைகளை அந்த அளவுக்கு அறுத்துவைத்து ஆய்வுக்குப் போகும்போதெல்லாம் பையில் எடுத்துப் போவேன். சின்னக்கட்டை நுழைந்து பெரியகட்டை நுழையாத சந்து எதுவானாலும் அன்றே அடைக்கச் சொல்வேன்.

கருவியைவிட அதன் அடியில் உள்ள தரை முக்கியம் என்பது பலருக்குப் புரிவதில்லை. மணலோ மரச்சீவலோ போட்டிருந்தால், 3 மீட்டர் உயரத்துக்குக் குறைந்தது 30 செ.மீ. ஆழம் வேண்டும்; சிதறிப்போவதை ஈடுகட்ட மேலும் 10 செ.மீ. ஊஞ்சலின் நேர் அடியிலும், சறுக்குமரம் முடியும் இடத்திலும் குழந்தைகளின் கால் பட்டுப் பட்டு மணல் ஒதுங்கிவிடும். விழும் இடத்தில்தான் மணல் இருக்காது, விழாத இடத்தில் குவிந்திருக்கும். மண்வாரி கொண்டு மீண்டும் இழுத்துவிட ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் யாருடைய வேலைப் பட்டியலிலும் இல்லாமல் இருந்ததை நான் கண்டுபிடிக்கவே இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறோமோ அதுதான் பூங்காவில் நடக்கும். புல் வெட்டும் ஒப்பந்தத்தில் பரப்பளவுக்குப் பணம் என்று எழுதியிருந்தோம். வேகமாக முடித்தால் லாபம் என்பதால், நைலான் இழை சுழலும் இயந்திரத்தை மரக்கன்றின் அடிவரை கொண்டுபோனார்கள். ஒவ்வொரு முறையும் இழை பட்டையை ஒரு நூல் அளவு அறுத்தது. பட்டை சுற்றிலும் அறுந்தால் இலையில் தயாரான உணவு வேருக்கு இறங்காது. மரம் நின்றபடியே சாகும். கன்றுகள் வரிசையாகக் காய்ந்தபோது மண்ணைச் சோதித்தோம், பூச்சியைத் தேடினோம், தண்ணீரைக் கூட்டினோம். குனிந்து அடித்தண்டைப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை, நான் உட்பட. மறு ஒப்பந்தத்தில் ஒரே வரி சேர்த்தோம்: மரத்தைச் சுற்றி ஒரு முழத்துக்கு இயந்திரம் போகக்கூடாது. அங்கே மரச்சீவல் பரப்பிவிட்டோம், புல்லும் முளைக்கவில்லை.

நீச்சல் குளம் பற்றிச் சுருக்கமாக. 25 மீட்டர் நீளமும் 12.5 மீட்டர் அகலமும் உள்ள குளத்தில் ஒரு செ.மீ. தண்ணீர் இறங்கினால் 3,125 லிட்டர் போய்விட்டது என்று பொருள். ஆவியானதா, கசிந்ததா என்று அறிய நிபுணர் வேண்டாம். ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பி, உள்ளும் வெளியும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கும்படி படிக்கட்டில் வையுங்கள். மறுநாள் வாளியில் இறங்கியதைவிடக் குளத்தில் அதிகம் இறங்கியிருந்தால், கசிவு. மாதக்கணக்கில் கசிந்த குளத்துக்குத் தினமும் புதுநீர் விட்டு நிரப்பிக்கொண்டிருந்தார்கள். யாரையும் குறை சொல்லமுடியாது, நிரப்புவதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்ட வேலை. (மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாடை' குளோரின் அதிகம் என்பதன் அடையாளம் இல்லை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமினின் வாடை அது. குளிக்காமல் இறங்குகிறவர்கள் கவனிக்க.)

பணம் சரியாகச் செலவானாலும் யாருக்காகச் செலவானது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. வியன்னாவில் 1990களில் ஆய்வு செய்தபோது, ஒன்பது வயதுக்கு மேல் சிறுமிகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவது தெரிந்தது; சிறுவர்கள் குறையவில்லை. 1999இல் இரண்டு பூங்காக்களை மாற்றியமைத்தார்கள். திறந்த திடலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், நடைபாதை கூட்டினார்கள், இறகுப்பந்து, கைப்பந்து ஆடுகளங்கள் வைத்தார்கள். சிறுமிகள் திரும்ப வந்தார்கள். இதைப் படித்த பிறகு நானும் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு வெவ்வேறு வேளைகளில் பூங்காக்களில் உட்கார்ந்து எண்ணினேன். எங்கள் திடல்களில் பெரும்பாலும் பந்தோடு வந்த இளைஞர்கள்தான். முதியவர்கள் கழிப்பறை உள்ள பூங்காக்களுக்கு மட்டுமே வந்தார்கள். கழிப்பறைக்குச் செலவிடுவது பூங்காவுக்குச் செலவிடுவதுதான் என்று நிதிக்குழுவுக்குப் புரியவைக்க அந்த நோட்டுப்புத்தகம் உதவிய அளவுக்கு வேறெந்த அறிக்கையும் உதவவில்லை.

குடிமக்கள் கேட்கவேண்டியது என்னவென்றால், பட்ஜெட் வெளியாகும்போது புதுப் பூங்காக்களின் எண்ணிக்கையைத் தேடாமல், 'உதிரிபாகங்கள், பழுதுபார்ப்பு' என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரி தனியாக இருக்கிறதா, சம்பளத்தோடு கலந்திருக்கிறதா? கலந்திருந்தால் அது சம்பளமாகவே முடியும். சென்ற ஆண்டு ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது என்றும் கேளுங்கள். புகார் எழுதும்போது 'பூங்கா மோசம்' என்று எழுதினால் அது பொதுக் கோப்பில் உறங்கும். 'கிழக்கு வாசலிலிருந்து இரண்டாவது ஊஞ்சல், இடது சங்கிலி' என்று எழுதினால், தேதியோடு உங்கள் புகார் பதிவாகிவிட்டபடியால், அதைத் தாண்டிப் போக எந்த அதிகாரிக்கும் துணிவு வராது. அதிகாரியாக இருந்தவன் சொல்கிறேன்.

பூங்காவைப் பார்க்கச் சரியான நாள் எது என்று கேட்பவர்களிடம், மழை விட்ட மறுநாள் காலை என்பேன். நடைபாதையில் எங்கே தண்ணீர் நிற்கிறதோ அங்கே தளம் உட்கார்ந்திருக்கிறது. ஊஞ்சலுக்குக் கீழே குட்டை கட்டியிருந்தால், அந்த ஆழத்துக்கு மணல் இல்லை. குச்சி ஒன்றை விட்டு அளந்துகொள்ளுங்கள்.