கெனில்வொர்த்தைக் காத்த ஏரி

1215-இல் இங்கிலாந்து மன்னர் ஜான், தன்னை எதிர்த்த பிரபுக்கள் பிடித்து வைத்திருந்த ரோச்செஸ்டர் கோட்டையை முற்றுகையிட்டார். பெருங்கோபுரத்தின் ஒரு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மரத்தூண்களால் முட்டுக் கொடுத்து, 40 பன்றிகளின் கொழுப்பை வைத்து எரித்தார்கள். முட்டு எரிந்ததும் மூலை சரிந்தது. எவ்வளவு தடித்த கல்சுவரானாலும் அடிமண் போனால் நிற்காது. இதைச் செய்த அதே ஜான், அந்த ஆண்டுகளில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்த தன்னுடைய கெனில்வொர்த் கோட்டைக்கு ஓர் ஏரியையே காவலாக வைத்தார்.

அங்கே ஓடிய சிற்றோடைகளுக்குக் குறுக்கே மண்கரை எழுந்தது. பின்னால் தேங்கிய நீர் சுமார் 100 ஏக்கருக்குப் பரவி, கோட்டையின் தெற்கையும் மேற்கையும் வளைத்துக்கொண்டது. அவ்வளவு நீரை ஒரு மண்கரை எப்படித் தாங்கும்? எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். கரையை நீர் தள்ளும் விசை கரையோர ஆழத்தைப் பொறுத்தது. ஏரி எவ்வளவு தூரம் நீண்டு கிடக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. ஆழம் இரண்டு மடங்கானால், ஒவ்வொரு மீட்டர் கரைமீதும் விழும் தள்ளுவிசை நான்கு மடங்காகும். ஆகவே தாழ்ந்து பரந்த நிலம் கிடைத்தால் உயரம் குறைந்த கரையே பெரிய ஏரியைப் பிடித்து வைக்கும். அடி அகலமாக இருக்க வேண்டும், மிகுநீர் வெளியேற வழி வேண்டும். கரைக்கு மேல் நீர் வழிந்தால் மண் அரித்துப் போய்விடும்.

சரி, இதனால் எதிரிக்கு என்ன தடை? ஏரிக்கு அடியில் சுரங்கம் தோண்டினால் நீர் உள்ளே புகும். கல்லெறி பொறிகளை நிறுத்தவும் அந்தப் பக்கம் அருகில் தரை இல்லை. எதிரி குறிவைக்கக்கூடிய இடம் கரைதான். அதை உடைத்தால் ஏரியே போய்விடும். அதனால்தான் கரையின் தென்முனைக்கு வெளியே இன்னொரு பெரிய மண்வேலி எழுப்பியிருந்தார்கள்.

1266-இல், கிளர்ச்சியாளர்கள் கையில் இருந்த இந்தக் கோட்டையை ஜானின் மகனான மன்னர் மூன்றாம் ஹென்றியின் படை சூழ்ந்தது. செஸ்டரிலிருந்து படகுகளைக் கொண்டுவந்து நீர்வழியாகத் தாக்கியும் பலிக்கவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு, டிசம்பரில், பசியும் நோயும்தான் உள்ளே இருந்தவர்களைப் பணியவைத்தன. 1268-இல் வேல்ஸில் கில்பர்ட் டி கிளேர் என்ற பிரபு தொடங்கிய கேர்ஃபில்லி கோட்டையின் ஏரிகளுக்குக் கெனில்வொர்த்தே முன்மாதிரி என்று வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள்.

ஏரி போருக்கு மட்டும் இருக்கவில்லை. பிற்கால மன்னர் ஐந்தாம் ஹென்றி அதன் மறுகோடியில் அகழி சூழ்ந்த உல்லாச மாளிகை ஒன்றைக் கட்டினார். கோட்டையிலிருந்து படகில் போகலாம்.

17-ஆம் நூற்றாண்டில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போருக்குப் பின், 1650-ஐ ஒட்டி, ஏரியை வடித்துவிட்டார்கள். கரை மட்டும் இருக்கிறது. இன்றும் பார்வையாளர்கள் தெற்கேயிருந்து அதன்மேல் நடந்துதான் கோட்டைக்குள் போகிறார்கள். நீர் நின்ற இடப்பக்கம் இப்போது புல்வெளி.