மட்டுறுத்துநர்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஆழியாற்றுத் தண்ணீர்ப் பேச்சு சூடேறினால் யாராவது ஒருவர் அட்மினைக் கூப்பிடுவார். கூப்பிடுவது அட்மினை என்றாலும், எதிர்பார்ப்பது மாடரேட்டரின் வேலையை. ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் அட்மின், அதாவது நிர்வாகி. பேச்சு எல்லை மீறாமல் பார்த்துக்கொள்பவர் மாடரேட்டர். இணையத் தமிழில் அவர் மட்டுறுத்துநர்.

மாடரேட்டர் இலத்தீனிலிருந்து வந்தது. அடிச்சொல் 'மோடுஸ்', அளவு என்றும் முறை என்றும் பொருள். அணு உலையில் நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும் பொருளுக்கும் இதே பெயர்தான். கல்பாக்கத்தின் பழைய உலைகளில் அது கனநீர், தமிழில் தணிப்பான். தென்னிந்தியத் திருச்சபையின் தலைவரும் மாடரேட்டரே. அவரைப் பிரதமப் பேராயர் என்கிறோம்.

தமிழில் மட்டு என்றால் அளவு, எல்லை. "மட்டு மரியாதை இல்லாம பேசுறான்" என்று திட்டுகிறோமே, அந்த மட்டுதான். அறிவுறுத்து, வலியுறுத்து போல மட்டுறுத்து: அளவுக்குள் இருக்கச் செய். கடைசியில் வருவது ஓட்டுநர், இயக்குநரில் உள்ள 'நர்'. 'னர்' என்று எழுதுவது பிழை. பக்கத்து வீட்டு மலையாளிக்கும் மட்டு தெரியும், ஆனால் அவருக்கு அது தோரணை, விதம். ஒருவரின் போக்கே மாறிவிட்டால் "மட்டும் பாவவும் மாறி" என்பார். மோடுஸில் இந்த இரண்டு பொருளும் இருக்கின்றன. அதற்காக இலத்தீனோடு உறவு கொண்டாட வேண்டாம், தற்செயல்தான்.

சிலர் 'தணிக்கையாளர்' என்று எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கணக்குத் தணிக்கையோடு குழம்பும் என்பது சின்னக் காரணம். தணிக்கை என்றதும் அரசின் கத்தரிக்கோல் நினைவுக்கு வருவதுதான் பெரிய காரணம். அரசியலமைப்பின் 19(1)(அ) தரும் பேச்சுரிமை முதன்மையாக அரசின் கையைத்தான் கட்டுகிறது. இணையப் பேச்சுக்கு 3 ஆண்டுவரை சிறை வைத்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்து செய்தபோது, தொல்லை தரும் பேச்சைக் குற்றமாக்கிய கேரளக் காவல் சட்டத்தின் 118(டி) பிரிவும் கூடவே போனது. 2020இல் அவதூறுப் பதிவுகளைத் தண்டிக்க 118ஏ என்று அவசரச் சட்டமாக ஒன்று வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் திரும்பிப் போனது. குழுவில் ஒரு வசவை நீக்குபவரை இந்த வரிசையில் நிறுத்துவது அநியாயம். நீக்காமல் விட்டவரையும் சட்டம் பிடிக்காது: உறுப்பினர் போட்ட பதிவுக்காக, அட்மின் என்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார் எனக் கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது.

பேச்சில் அட்மினே இருக்கட்டும். குழுவிதி எழுதும்போது 'மட்டுறுத்தல்' என்றும், நீக்கிய இடத்தில் 'மட்டுறுத்தப்பட்டது' என்றும் எழுதலாம்.