நல்ல பெயர் எடுத்த கார், யாரும் பார்க்காத பெல்ட்

“இந்த மாடலுக்கு ஒன்றும் ஆகாது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று எல்லோரும் சொன்னார்களே சார்!” கயிறு கட்டி என் ஒர்க்ஷாப்புக்கு இழுத்து வந்த சிறிய காரின் அருகே நின்று ஒருவர் என்னிடம் சொன்னது இது. வாங்கி மூன்று மாதம். வண்டிக்கு வயது 17. மீட்டரில் 58,000 கிலோமீட்டர்தான். பெயின்ட்கூட மங்கவில்லை. அந்த மாடலைப் பற்றி அவர் கேள்விப்பட்டது எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்தக் காரில் இருந்தது தொழிற்சாலையில் மாட்டிய அதே டைமிங் பெல்ட். ஓடும்போதே அது அறுந்து, பிஸ்டன்கள் மோதி, நான்கு வால்வுகள் வளைந்துவிட்டன.

பழைய சிக்கன கார்களில் நான் அடிக்கடி பார்க்கும் துயரம் இதுதான். பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரத்தில், காற்றும் புகையும் வந்துபோகத் திறந்து மூடும் வால்வு அதன் வழியில் நிற்கக் கூடாது. அந்தத் தாளத்தைக் காப்பது டைமிங் பெல்ட் என்ற பல்வைத்த ரப்பர் பட்டை. வண்டி ஓடினால் அது தேயும். ஓடாமல் நின்றாலும், வயதாகி இறுகி விரிசல் விடும். அதனால்தான் கையேட்டில் கிலோமீட்டர், ஆண்டு என இரண்டு கெடு போட்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறார்கள். நாம் முதலாவதை மட்டும் படிக்கிறோம். “குறைவாக ஓடிய வண்டி” என்ற சொல் வாங்குபவரை மயக்குவது இங்கேதான். எல்லா என்ஜினிலும் பெல்ட் இருக்காது, சிலவற்றில் சங்கிலி. பெல்ட் அறுந்தாலும் வால்வு தப்பிக்கும் என்ஜின்களும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்று இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தக் கார்களின் நற்பெயர் சும்மா வந்ததல்ல. 1966-இல் வந்த டொயோட்டா கொரோலாவும் 1972-இல் வந்த ஹோண்டா சிவிக்கும் பல தலைமுறை கடந்து நிற்கின்றன. பழைய சிறிய கார்களில் பெரும்பாலும் டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) கிடையாது, எடை குறைவு, மின்னணுச் சிக்கல்களும் குறைவு. லட்சக்கணக்கில் விற்றதால் உதிரிபாகம் எளிதில் கிடைக்கும். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம்: இருபது ஆண்டு கடந்து சாலையில் ஓடுபவை தப்பிப் பிழைத்தவை. கவனிக்காமல் கெட்டவை எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. அவை நம் கண்ணில் படுவதில்லை. தப்பியவற்றில் பலவற்றின் பின்னால், நேரத்துக்கு ஆயில் மாற்றிய ஒரு மனிதர் இருந்திருப்பார். அவருடைய உழைப்பும் மாடலின் பெயரிலேயே வரவாகிவிடுகிறது.

பெல்ட்டோடு முடியவில்லை. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தரவிதிப்படி, டாட் 4 என்ற ரகத்துப் புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. ஈரம் ஏறிய ஆயிலிடம் அதே விதி எதிர்பார்ப்பது 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் வெறுமனே உள்ளே போகும். அந்தக் கணத்தில் மாடலின் பெயர் உங்களைக் காப்பாற்றாது. டயரில் பட்டன் ஆழம், அதாவது தரையைப் பிடிக்கும் பள்ளங்களின் ஆழம், மட்டும் பார்த்தால் போதாது. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. அதையும் படியுங்கள்.

ஏர்பேக் உள்ள பழைய கார் என்றால் இன்னும் ஒரு வேலை. டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் இருந்த வெடிவேதிப்பொருள் வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் சிதைந்து, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்து உயிர்களைப் பறித்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. கை மாறிய வண்டிகளுக்கு அந்த அழைப்பு போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் தயாரிப்பு நிறுவனம் சரிபார்த்துச் சொல்லும். தயவுசெய்து கேளுங்கள்.

என்னிடம் பழைய கார் பார்க்க வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது மீட்டரை அல்ல, பில்களை. பெல்ட் மாற்றியதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து விலை பேசச் சொல்வேன்.

அவருடைய காருக்கு என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி, வால்வுகளை மாற்றி, புது பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் வாட்டர் பம்பும் போட்டோம். தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி, பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிக் கொடுத்தேன். அடுத்து மாற்ற வேண்டிய ஆண்டை அவரே பேனா வாங்கி அதன் கீழே எழுதினார்.