புகையைக் கண்டால் எழுந்து போகிறவர்

கோத்தகிரி வட்டாரத்தில் இருபது ஆண்டுகளாக மனநல ஆலோசகராகப் பணியாற்றி வருகிறேன். இங்கே 'சிலோன்காரர்' என்று அழைக்கப்படும் தாயகம் திரும்பிய குடும்பங்களிலிருந்து என்னிடம் வருபவர்கள் தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, குடிப்பழக்கம் என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். இளம் வயதில் அவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பது மூன்றாவது அல்லது நான்காவது சந்திப்பில்தான் வெளிவரும்.

தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து சென்றவர்களின் வழிவந்து, 1948இல் இலங்கையில் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் முடிவு செய்தது. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவானதே அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். இவர்களில் ஒரு பகுதியினர் 1977, 1983 வன்முறைகளை நேரில் கண்டுவிட்டுக் கப்பலேறியவர்கள். அவர்களுள் ஒருவரைப் பற்றி, அடையாளங்களை மாற்றி, இங்கே எழுதுகிறேன்.

1983 ஜூலையில் இலங்கையின் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள் எரிந்தபோது அவருக்குப் பதினாறு வயது. தங்கையின் வாயைப் பொத்தியபடி இரவு முழுவதும் தேயிலைச் செடிகளுக்கிடையே படுத்துக் கிடந்தார். அடுத்த ஆண்டு தலைமன்னார் கப்பலில் ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாம் வழியாக மலையேறினார். இன்றும் அவர் செருப்பை வாசலைப் பார்த்துத்தான் கழற்றி வைக்கிறார். குடும்ப அட்டையும் பழைய கடவுச்சீட்டும் பிளாஸ்டிக் உறையில் தலையணைக்கடியில் இருக்கின்றன. யாரையும் நம்பாதவர், சிடுசிடுப்பானவர் என்பதே வீட்டிலும் லைன் வீடுகளிலும் அவருக்குள்ள பெயர். அந்தப் பெயரை அவரும் ஏற்றுக்கொண்டுவிட்டதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு, நீண்ட கொடுமைக்கு ஆளானவர்களிடம் காணப்படும் மூன்று மாற்றங்களைத் தனியே குறிப்பிடுகிறது: உணர்ச்சியைக் கட்டுப்படுத்த இயலாமை, தன்னைத் தானே இழிவாக எண்ணுதல், நெருங்கிய உறவுகளில் விலகி நிற்றல். குணம் உருவாகிக்கொண்டிருக்கும் பருவத்தில் இவை வந்து சேரும்போது, பார்ப்பவர்களுக்கு இவையே அவருடைய பிறவிக் குணமாகத் தெரிகின்றன. அன்றிரவு அவர் உயிரைக் காத்த விழிப்புதான் இன்று குடும்பத்தார் குறை சொல்லும் சந்தேகம் என்பதை அவருடைய மகனுக்கு விளக்க எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின.

கடவுள் நம்பிக்கை விஷயம் இன்னும் நுட்பமானது. மாரியம்மன் திருவிழாவில் பூக்குழி மூட்டியதும் அவர் எழுந்து போய்விடுவார். நாத்திகராகிவிட்டார் என்று உறவினர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். மார்கழிப் பனியில் லைன் வாசலில் குளிர்காயத் தீ மூட்டினாலும், கவாத்து வெட்டிய குச்சிகளைக் கொளுத்தினாலும் அவர் அதேபோல் விலகிப் போனதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. "சாமிய நான் விடலம்மா, அந்தப் பொகையிலதான் நிக்க முடியல" என்றார் ஒரு நாள். பல ஆண்டுகள் அதை அவரிடம் கேட்க ஆளில்லை.

தங்கையின் கதை வேறு. உயிர் பிழைத்ததற்கே பரிகாரம் செய்வதுபோல் வாரத்தில் நான்கு நாள் விரதமிருந்து இரத்தசோகையோடு வந்தார். அவரை எல்லோரும் பக்தியில் சிறந்தவர் என்றார்கள். நம்பிக்கை குறைவதை மட்டுமல்லாமல், அது அளவு மீறி இறுகுவதையும் நாம் கவலையோடு பார்க்க வேண்டும். பிழைத்துவிட்டோமே என்ற குற்ற உணர்வு அதற்குள் ஒளிந்திருக்கக்கூடும்.

பெருந்துயருக்குப் பின் சிலரிடம் புதிய மன உறுதியும் ஆழமான நம்பிக்கையும் தோன்றுவதுண்டு; 1990களில் அமெரிக்க உளவியலாளர்கள் டெடெஸ்கியும் கல்ஹூனும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். ஆனால் அந்த வளர்ச்சியும் வேதனையும் ஒரே மனத்தில் சேர்ந்தே இருக்கும் என்பதால், "பட்டால்தான் புத்தி வரும்" என்று பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ வற்புறுத்தி அழைத்துச் செல்லாதீர்கள். நடந்ததை முழுவதும் சொல்லும்படி துருவவும் வேண்டாம். தூக்கம் கெட்டாலோ, உயிரை விடும் எண்ணம் பேச்சில் தலைகாட்டினாலோ தாமதிக்காமல் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவை அணுகுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவை) எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

சென்ற திருவிழாவில் அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மேட்டுப் பாதை வளைவில் நின்று பூக்குழியைப் பார்த்தாராம். கீழே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை என்று மகன் என்னிடம் சொன்னான்.