மறுப்பதானால் முதல் நாளே மறுத்துவிடுங்கள்

தூக்கம் வரவில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்று ஆலோசனைக்கு வருகிற பலரிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், அடியில் கிடப்பது மனமில்லாமல் தலையில் ஏற்றிக்கொண்ட வேலைகள்தான். மறுத்தால் உறவு கெட்டுவிடும் என்ற பயம். நான் பார்த்தவரை, மறுப்பைவிட இழுத்தடிப்புதான் உறவை அதிகம் கெடுக்கிறது.

ஒருவரிடம் உடன் வேலை செய்பவர் தன் அறிக்கையையும் சேர்த்து முடித்துத் தரச் சொல்கிறார். இவருக்கு விருப்பமில்லை. ஆனாலும் "பார்க்கலாம்" என்கிறார். கேட்டவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு நிம்மதியாகிவிடுகிறார். கெடு நாளன்று இவர் போனை எடுப்பதில்லை. முதல் நாளே மறுத்திருந்தால் அவர் வேறு ஆளைப் பிடித்திருப்பார். இப்போது வேலையும் போச்சு, நம்பிக்கையும் போச்சு.

மனசு நம்மை ஏமாற்றுவதும் உண்டு. அடுத்த மாதம் என்றால் நேரம் தாராளமாக இருக்கும் என்று தோன்றும். 2005இல் ஸாபர்மன், லிஞ்ச் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். அதனால் என்னிடம் வருகிறவர்களிடம், "இதே வேலையை நாளைக்கே கேட்டால் ஒத்துக்கொள்வீர்களா?" என்று கேட்பேன். அழைப்பை மறுத்தால் அழைத்தவர் எவ்வளவு வருத்தப்படுவார் என்பதையும் நாம் கூட்டித்தான் கணக்குப் போடுகிறோம். 2023இல் வெளியான, கிவி, கர்க் என்ற ஆய்வாளர்களின் ஆய்வு சொல்வது இது.

சரி, எப்படிச் சொல்வது? "என்னை நம்பிக் கேட்டதில் சந்தோஷம். ஆனால் இதை என்னால் செய்ய முடியாது. நீங்கள் வேறு ஏற்பாடு செய்ய நேரம் வேண்டுமே என்றுதான் இப்போதே சொல்கிறேன்." இவ்வளவு போதும். பொய்க் காரணம் மட்டும் வேண்டாம். "இந்த வாரம் வேலை இருக்கிறது" என்றால் "அப்போ அடுத்த வாரம்?" என்பார்கள். மறுபடி வற்புறுத்தினால் புதுக் காரணம் தேடாமல், அதே வார்த்தையை அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். குரல் உயர வேண்டியதில்லை.

மேலதிகாரியிடம் இது அப்படியே எடுபடாது. "இதை எடுத்தால் அது தள்ளிப்போகும், எதை முதலில் முடிக்கட்டும்?" என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. மறுத்தால் அடி விழும், மிரட்டல் வரும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இந்த யோசனைகள் பொருந்தாது. அவர்கள் தனியாக மறுத்துப் பார்க்க வேண்டாம். முதலில் நம்பகமான ஒருவரிடம் சொல்லிப் பாதுகாப்பைத் தேடிக்கொள்ளட்டும்.